பெட்டிக்குள் எதுவும் சிதறவில்லை

ஹஸ்னாவியாவின் வகுப்பில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு: "ரொம்ப நேரம்." போன மாதம் ஆராய்ச்சி மாணவன் ஒருவன் திரையில் படம் காட்டிக்கொண்டே, "ரொம்ப நேரம் பாத்தோம், எந்த மாற்றமும் இல்ல" என்று சொல்லிவிட்டான். அவள் மேசையில் அறைந்த அறையில் தண்ணீர்க் குவளை உருண்டு அவன் மடிக்கணினி மேல் கவிழ்ந்தது. "எவ்ளோ நேரம்? எவ்ளோ நேரம்னு சொல்லுடா!" என்று கத்தினாள். பையன் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டான். மகாஸார் நகரத்தில் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் அவளைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் நாலு பேராவது இருக்கிறார்கள். எதிரில் நின்று சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

இடது காது வேறு கேட்காது. அந்தப் பக்கம் நின்று யாராவது "பு வியா" என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் கழுத்தை முழுக்கத் திருப்பி முறைத்துப் பார்ப்பாள். திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். திமிரும் உண்டுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் காது போனது அவளுக்கு ஒன்பது வயதில், லங்காயாத் தீவுக்கு வடக்கே, அலையே இல்லாமல் கிடந்த கடலில், அப்பாவின் படகில்.

அப்பா பாட்டில் போட்டு மீன் பிடிக்கிறவர். தீவில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. வயலுக்குப் போடுகிற உரம்தான் மூலச்சரக்கு. அதில் செய்த வெடிமருந்தை பாட்டிலில் அடைத்து மீன்கூட்டத்துக்கு நடுவில் வீசினால், கடல் ஒரு தடவை குலுங்கும். பிறகு வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன்கள் மேலே வரும். குதித்துப் பொறுக்குவதற்கு மகனையும் மகளையும் கூட்டிப் போவார். அன்றைக்கு மகன் தண்ணீரில் இறங்கி நின்றான். மகள் படகின் பின்பக்கம் குந்தியிருந்தாள். அப்பா பாட்டிலை ஓங்கிய கையோடு மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தாலே வசவுதான், கையை ஓங்கினால் அடிதான். அந்த வசவு முடியவில்லை. பாட்டில் கையிலேயே வெடித்தது.

அப்பா நின்ற இடத்தில் இடுப்புக்குக் கீழே மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. படகு சிவப்பாக இருந்தது, அவள் வாய்க்குள் உப்புக் கரித்தது, உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் நீந்தி வந்து ஏறினான். தன் கைலியை அவிழ்த்து அவள் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் துடுப்புப் போட்டான். அவன் வாய் அசைந்ததை வைத்து அவன் சொன்னதைத் தெரிந்துகொண்டாள். வழி முழுக்க அதையேதான் சொன்னான். "அந்தப் பக்கம் பாக்காதடி. வியா, அந்தப் பக்கம் பாக்காத." அவனுக்கு அப்போது பதினாலு வயது. அப்பாவின் வலது கை கடைசிவரை கிடைக்கவில்லை. மிச்சத்தை வைத்துத்தான் புதைத்தார்கள்.

அந்தப் பாட்டிலுக்குள் என்னதான் இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று ஒன்பது வயதில் ஒரு வெறி பிடித்தது. பிறகு அது விடவே இல்லை. படித்தாள். தீவுப் பள்ளிக்கூடம், நகரத்துப் பள்ளிக்கூடம், வேதியியல். முதல் வருடம் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரியின் சோதனைக் குழாய் ஒன்று சூட்டில் பட்டென்று உடைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஹஸ்னாவியா எதிரே இருந்த இரும்புத் தாங்கியைத் தூக்கி ஆய்வக உதவியாளர் மண்டையில் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் ரத்தம் சட்டையில் சொட்டச் சொட்ட நின்றபோதுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

கல்லூரியை விட்டுத் துரத்தியிருக்க வேண்டியது. ஒரு பேராசிரியை குறுக்கே நின்றார். "குடுவையே தொடாத வேதியியல் ஒண்ணு இருக்கு. உன்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க, போ" என்று கணினி அறைக்குத் தள்ளிவிட்டார். அப்படித்தான் ஹஸ்னாவியா கோட்பாட்டு வேதியியல்காரி ஆனாள்.

அங்கே சத்தமே கிடையாது. கணினிக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் சில ஆயிரம் மூலக்கூறுகள். ஒவ்வொரு அணுவும் மற்ற அணுக்களை எப்படி இழுக்கிறது, எப்படித் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி கணக்குப் போட்டு, மறுபடி நகர்த்தி, இப்படியே போகும். பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலது பக்கம் வெளியே ஓடுகிற மூலக்கூறு இடது பக்கமாக உள்ளே வந்துவிடும். எதுவும் தொலைந்து போகாது. அந்த ஒரு விஷயம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தப் பெட்டிக்குள் அவள் செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. படிகங்களை நசுக்கினாள், இழுத்துக் கிழித்தாள், எல்லாம் பிய்ந்து பறக்கிற வரைக்கும் சூடேற்றினாள். மதியச் சாப்பாட்டில் பக்கத்து அறை ரந்தே கேட்பார், "இன்னிக்கு எத்தனை கொலை, பு வியா?" அவர் தோராஜா மலைக்காரர், குடுவை பிடிக்கிற வேதியியல்காரர். "ஆறாயிரம் பேரு பெட்டியில இருந்தாங்க, ஒருத்தரும் தப்பல" என்பாள் மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே. "உங்க கையில ரத்தமே ஒட்டாது, குடுத்துவச்சவங்க" என்று அவர் சிரிப்பார்.

அவள் பெயர் வாங்கியது அதே உரத்தின் படிகத்தில்தான். அது பகல் சூட்டில் ஒரு வடிவத்துக்கு மாறும், ராத்திரிக் குளிரில் பழையபடி திரும்பும். மாறி மாறி வீங்கிக் கிடங்கில் மூட்டை கல்லாகிப் போகும். அதை எப்படித் தடுப்பது என்பது காகிதத்தில் எழுதிய நோக்கம். மனதில் இருந்த நோக்கம் வேறு. அப்பாவைத் தின்ற பொருள் எந்தச் சூட்டில் அசையத் தொடங்குகிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கணினி ராவும் பகலுமாக ஓடியது. கடைசியில் கருத்தரங்கில் எழுந்து நின்று, "இந்த வெப்பநிலையில் ரொம்ப நேரம் கவனித்தோம், சிதைவே இல்லை" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ரொம்ப நேரம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், தெரியும்.

தெரியாதவர்கள் தீவில் இருந்தார்கள்.

தீவுக்காரர்களுக்கு அவள் டாக்டர். டாக்டர் பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து, பெருநாளுக்குப் போனால் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். "ஊசி போடற டாக்டர் இல்லக்கா நான்" என்றால், "போடத் தெரியாதா, மனசில்லையா?" என்பார்கள். அவள் அண்ணன் அதை ரசித்துச் சிரிப்பான். மூத்த ஆண்களை அங்கே டாயெங் என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். டாயெங் சிக்கி. தகப்பன் செத்த அதே தொழிலைச் செய்தான். வலது கையில் இரண்டு விரல் ஏற்கெனவே போய்விட்டது. தங்கை வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி விடச்சொல்லிக் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். உலகத்தில் அவளுக்கு என்று இருந்த ஒரே ஆள் அவன். அவனையும் துண்டு துண்டாகப் பொறுக்கும் நாள் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு பிரார்த்தனை கிடையாது.

அந்த வருடம் பெருநாள் மதியம். அண்ணி ராம்லா புளிபோட்ட மீன் குழம்பும், வாழையிலையில் வெந்த புராஸ் சோறும் எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். சிக்கி சாப்பிட்டபடியே ஆரம்பித்தான்.

"வியா, நீ அந்த உரத்தப் பத்திதான படிக்கிற?"

"சாப்பிடு."

"இல்ல, கேக்கறேன். சூடு பட்டா அது தானா வெடிக்குமா?"

"நீ அதத் தொடறதையே விடு. அப்புறம் எது வெடிச்சா உனக்கென்ன?"

"விடறதப் பத்தி நான் கேக்கல. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ இன்னும் பத்து வருஷம் பாட்டில் வீசணுமா?"

தட்டு பறந்து மரச்சுவரில் மோதியது. குழம்பு சுவரெல்லாம் வழிந்தது. அவன் எழுந்து வந்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். தகப்பனின் கை அப்படியே மகனுக்கு வந்திருந்தது. "அப்பாக்கு ஒருத்தனும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலடி! தெரியாமதான் செத்தாரு! ஊரே சேந்து உன்னப் படிக்கவெச்சது எதுக்கு? பெட்டிக்குள்ள பொம்மை பாக்கறதுக்கா?"

அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் விட்டான். இரண்டு பேரும் மூச்சு வாங்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையில் பல் தடம் பதிந்து ரத்தம் கசிந்தது. இரண்டு விரல் இல்லாத அந்தக் கையை அவள் மேல்துணியால் துடைத்துவிட்டாள்.

"தானா சிதறாது, டாயெங்" என்றாள். "படிகம் வடிவம் மாறும், அவ்வளவுதான். மூணு மாசம் ராவும் பகலும் மெஷின் ஓடிச்சு. அந்தச் சூட்டுல பெட்டிக்குள்ள எதுவும் சிதறல."

"மூணு மாசமா?"

"மூணு மாசம்."

அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். மூன்று மாதம் அந்தச் சூட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான் என்பது அவளுக்கு அந்த நிமிடமே புரிந்தது. மூன்று மாதம் ஓடியது இயந்திரம். பெட்டிக்குள்ளே ஓடிய காலம் வேறு. அதை விளக்க வாயெடுத்தாள். ஆனால் அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் படிப்பைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். சுவரில் வழிந்த குழம்பைத் தானே துடைத்தான். "எங்க வியா பாத்திருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அது பெருமை. வெறும் பெருமை. வேறு எந்தப் பெயர் வைத்தாலும் அது பொய்.

அவன் எதற்காகக் கேட்டான் என்று அவளும் கேட்கவில்லை. தீவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அடைத்த பாட்டிலை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. ஆள் இல்லாத மணல்திட்டு ஒன்றில் குழிதோண்டி வைத்துவிட்டு, கடலுக்குப் போகும்போது எடுத்துக்கொள்வார்கள். எத்தனையோ சாவு பார்த்த பிறகு பயத்தில் வந்த கட்டுப்பாடு அது. இப்போது காவல் படகுகள் மணல்திட்டைக் கிளற ஆரம்பித்திருந்தன. சரக்கை, உயரமான மரத்தூண்கள் மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவில் வைத்தால் என்ன என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பகலெல்லாம் சுற்றி அடைத்த தகரம் கொதிக்கும், அங்கே வைக்கலாமா என்பதுதான் கேள்வி. சிக்கி காபிக்கடையில் போய் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டான். "எங்க வியா மூணு மாசம் அந்தச் சூட்டுல வெச்சுப் பாத்திருக்கா. டாக்டரு. ஒண்ணும் ஆகாது."

ஊரே அந்த வார்த்தையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மணல்திட்டு காலியானது.

வெடித்தது டாயெங் காசிங்கின் வீடு. வெள்ளிக்கிழமை நடுப்பகல், ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்த நேரம். காசிங் தீவிலேயே பெரிய படகுக்காரர், அதிகம் பேசாத மனுஷன். அவர் மனைவி நூர்லியா மேலே அடுப்படியில் இருந்தாள். தொழுகைக்குப் போகச் சோம்பல்பட்ட அவர் தம்பி ருக்கா கீழே தூண்களுக்கு நடுவில் கட்டிய வலை ஊஞ்சலில் படுத்திருந்தான். வீடு ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தது என்றார்கள். பக்கத்து வீட்டுத் தென்னையில் ருக்காவின் ஊஞ்சல் கயிறு தொங்கியது. நூர்லியா உயிரோடுதான் கிடைத்தாள். உடம்பில் தோல் இல்லை. சாயங்காலம் வரை கத்தினாள். அவளைத் தொட்டுத் தூக்க ஒருவரும் துணியவில்லை, தொட்ட இடம் கையோடு வந்தது. கடைசியில் காசிங்தான் தொட்டார். அவர் மடியில் போனாள்.

எதனால் வெடித்தது? சூடா, உப்புக்காற்றா, துருவா, ருக்காவின் சிகரெட்டா? யாருக்கும் தெரியாது. ஆனால் யார் சொல்லி உள்ளே வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ராம்லா போனில் அழுதாள். "வியா, நீ வராத. வந்துடாத. காசிங் இடுப்புல பாடிக் கத்தி சொருகிட்டாரு. நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் இவர வரச்சொல்லியிருக்காரு."

"டாயெங்க எதுக்கு? சொன்னது நான்."

"பொம்பள சொன்னதுக்கு அவ அண்ணந்தான் நிக்கணும். உனக்குத் தெரியாதா? நீ இந்த ஊர்ல பொறக்கலயா?"

தெரியும். பெண்ணால் வந்த மானக்கேட்டுக்கு அவள் வீட்டு ஆண் பதில் சொல்ல வேண்டும். பெண்ணைத் தொட்டால் கத்திக்காரனுக்கே கேவலம். அந்தக் கட்டுப்பாட்டின் மேல் அவளுக்கு வந்த கோபத்தில் போனை எறிந்து உடைத்தாள். விடிந்ததும் முதல் படகில் ஏறினாள்.

அடக்கம் முடிந்திருந்தது. எரிந்த வீட்டின் எதிரே மணலில் ஊர் கூடியிருந்தது. கருகிய தூண்கள் இன்னும் புகைந்தன. காசிங் ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்திருந்தார், நெருப்புக்குள் விட்ட கையெல்லாம் எண்ணெய் பூசிக் கட்டியிருந்தது. சிக்கி அவர் எதிரே வெறும் மேலோடு நின்றான். அவன் இடுப்பில் கத்தி இல்லை. 

ஊர்த்தலைவர் மக்கா நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவ எதுவும் சொல்லல" என்றான் சிக்கி, அவளைக் கண்டதும் குரலை உயர்த்தி. "நானா அடிச்சுவிட்டேன். படிச்ச தங்கச்சி இருக்கான்னு காபிக்கடையில பீத்திக்கிட்டேன். அவ்வளவுதான்."

"பொய்!" ஹஸ்னாவியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நான்தான் சொன்னேன். டாயெங் காசிங், எங்கிட்ட பேசுங்க. என்னப் பாருங்க!"

காசிங் பார்த்தார். கண் ரத்தமாக இருந்தது. "பொம்பளகிட்ட எனக்குப் பேச்சில்ல."

"எனக்கு இருக்கு. உங்க வீட்டுல செத்ததுக்கு நான் காரணம். என்னக் குத்துங்க."

கூட்டத்தில் ஒரு பெண் ஓடிவந்து அவள் முகத்தில் துப்பினாள். நூர்லியாவின் அக்கா. "டாக்டரு! நீ பெரிய டாக்டரு!" என்று அவள் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். ஹஸ்னாவியா கையை உயர்த்தவில்லை. கேட்காத காதில் விழுந்த அடியில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ராம்லா வந்து அந்தப் பெண்ணை இழுத்துப் போனாள்.

மக்கா தொண்டையைக் கனைத்தார். புத்திசாலி மனுஷன், எப்படியாவது இன்னொரு சாவைத் தடுக்கப் பார்த்தார். "காசிங், கேளு. இவ மூணு மாசம் அந்தச் சூட்டுல வெச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னாங்கறாங்க. உன் வீட்டுல சரக்கு இருந்தது ஒரு மாசம் கூட இல்ல. பாத்துட்டுச் சொல்லியும் இப்படி ஆச்சுன்னா அது ஆண்டவன் எழுத்து. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பாக்காம சொல்லியிருந்தா, அது கொலை. அப்ப நான் குறுக்க நிக்க மாட்டேன். சரியா?"

காசிங் ரொம்ப யோசித்தார். பிறகு தலையசைத்தார். முதல் தடவையாக அவளிடமே கேட்டார்.

"மூணு மாசம் பாத்தியா?"

சிக்கி அவள் வலது பக்கமாக நகர்ந்து வந்து, கேட்கிற காதில் சொன்னான். "ஆமான்னு சொல்லு. மூணு மாசம் மெஷின் ஓடுச்சுல்ல? பொய்யில்லடி அது. ஆமான்னு சொல்லிடு."

பொய்யில்லைதான். ஒரு தலையசைப்பு போதும். அண்ணன் வீட்டுக்குப் போவான், ராம்லா சோறு போடுவாள். அவள் வாயைத் திறந்தாள். எதிரே காசிங்கின் கட்டுப்போட்ட கைகள் இருந்தன. அந்தத் துணியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது எண்ணெய் மட்டுமல்ல. இதே தீவில், இதே மூன்று மாதத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டதன் விலை அந்தத் துணியில் இருந்தது. மறுபடியும் அதே வார்த்தை அவள் நாக்கில் வரவில்லை. எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

"மூணு மாசம் ஓடினது மெஷின்" என்றாள். "பெட்டிக்குள்ள ஓடினது அவ்வளவு இல்ல."

"வியா!" என்றான் சிக்கி.

"எவ்ளோ?" என்றார் காசிங்.

"கண்ண இமைக்கிறீங்கல்ல. அந்த ஒரு இமைப்ப பத்து லட்சம் துண்டா நறுக்கினா, அதுல ஒரு துண்டு. அவ்வளவு நேரந்தான் பாத்தேன். அதுவும் சுத்தமான படிகம். உப்பு இல்ல, துரு இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க ஆளுங்களுக்கு அதுவே பெரிய நேரம். அத உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. தெரிஞ்சே சொல்லல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். புரியாமல் வந்த சிரிப்பு. காசிங் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து பார்த்தார். மெதுவாக. அளந்து பார்க்கிற மாதிரி.

மக்கா தலையைக் குனிந்துகொண்டு விலகினார்.

அவள் பாய்ந்தாள். காசிங்கின் கைக்கும் அண்ணன் வயிற்றுக்கும் நடுவே போய்விடலாம் என்று நினைத்தாள். சிக்கி அவள் தோளைப் பிடித்து மணலில் தள்ளிவிட்டான். அவள் விழுந்து நிமிர்வதற்குள் பாடிக் ஒரு தடவை உள்ளே போய், பக்கவாட்டில் இழுபட்டு வெளியே வந்தது. சிக்கி தன் வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தான். காசிங் கத்தியை மணலில் போட்டுவிட்டு, மறுபடியும் அதே படகின் மேல் போய் உட்கார்ந்தார். போலீஸ் வருகிற வரைக்கும் அவர் அங்கிருந்து அசையவில்லை.

சிக்கியைப் படகில் தூக்கிப் போட்டார்கள். ஓட்டியவன் இயந்திரம் கதறக் கதற ஓட்டினான். மகாஸார் கரை தெரியவே இல்லை. அவள் தன் மேல்துணியை உருட்டி அவன் வயிற்றில் வைத்து இரண்டு முழங்கையாலும் அழுத்தினாள். துணி நிறைந்தது, படகின் அடிப்பலகை நிறைந்தது, அவள் முட்டி வரை நனைந்தது. அவன் கத்தினான், எப்போதோ செத்துப்போன அம்மாவைக் கூப்பிட்டான், அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். "ஆமான்னு சொல்றதுக்கு என்னடி உனக்கு?" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "சரி விடு" என்றான். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டான். கொடுத்தது வயிற்றின் வழியே வந்தது.

அவள் பாதியில் விட்ட வார்த்தை இரண்டு பேரைக் கொன்றது. முழுசாகச் சொன்ன வார்த்தை இதோ இவனைக் கொன்றுகொண்டிருக்கிறது. எதற்காக அழுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம் வந்தது. காசிங் மேல், மக்கா மேல், கருத்தரங்கில் தலையாட்டிய அத்தனை பேர் மேலும். எல்லாருக்கும் மேலே, சுவர் இல்லாத அந்தப் பெட்டியின் மேல்.

துணி நழுவியது. உள்ளே இருந்தது வெளியே வந்தது. சிக்கி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, விரல் குறைந்த கையைத் தூக்கி அவள் கன்னத்தை மறுபக்கம் திருப்பப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் பாக்காதடி" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். பார்த்தாள். கரை வரும்வரை, ஒரு தடவை கூட முகத்தைத் திருப்பாமல், முழுக்கப் பார்த்தாள்.